பால் குடிக்க மறுக்கும் ஆட்டுக்குட்டி

"குட்டி பால் குடிக்குதில்லை" என்று சொல்லிக்கொண்டு ஒருவர் எம்மிடம் வருவாரானால், எவ்வளவு பால் பருக்கினீர்கள் என்று நாம் முதலில் கேட்பதில்லை. "குட்டியின் வாய்க்குள் விரலை வைத்துப் பார்த்தீர்களா? வாய் சூடாக இருக்கிறதா, குளிர்ந்திருக்கிறதா?" என்றே கேட்போம். இந்தப் பாடம் முழுவதும் பெரும்பாலும் இந்தக் கேள்வியைப் பற்றியதே.

இதை நாம் கற்றுக்கொண்டது ஒரு நட்டத்தின் மூலம். இடம்பெயர்ந்து பல வருடங்களின் பின் தமது காணிக்குத் திரும்பிய ஒரு குடும்பம். தறப்பாள் கூரை, பக்கத்தில் நாலு கம்பு நட்டுக் கிடுகு போட்ட ஆட்டுக் கொட்டில். சுழற்சி முறையில் கிடைத்த மறியாடு ஒன்று அங்கே நின்றது. இம்முறையில் ஆடு பெறும் குடும்பம், முதலில் கிடைக்கும் மறிக்குட்டியை வளர்த்து அடுத்த குடும்பத்துக்குக் கொடுத்தல் வேண்டும் என்பது வாசகர்கள் பலருக்குத் தெரிந்ததே. மார்கழி மழை இரவொன்றில் ஆடு இரண்டு குட்டி ஈன்றது. கிடாய்க்குட்டி தானாக எழுந்து முலையைப் பிடித்துக்கொண்டது. மறிக்குட்டி எழும்பவில்லை. நாம் போய்ச் சேர்ந்தபோது காலை பத்து மணி இருக்கும். வீட்டுக்கார அக்கா குட்டியைக் கைக்குழந்தையைப் போல மடியில் மல்லாக்காகக் கிடத்தி, காய்ச்சிய பசுப்பாலைத் தேக்கரண்டியால் ஊற்றிக் கொண்டிருந்தார்.

"விடியப்புறம் தொடக்கம் பருக்கிறன் தம்பி, விழுங்குதில்லை. மூக்காலையும் வழியுது."

"அக்கா, வாய்க்குள்ளை விரலை ஒருக்கா வைச்சுப் பாருங்கோ."

வைத்துப் பார்த்தார். "ஐயோ, ஐஸ் மாதிரியெல்லே கிடக்கு!"

அன்று பின்னேரம் குட்டி இறந்தது. அந்த அக்காவில் நாம் குறை காணவில்லை. தாய்மார் எல்லோரும் செய்வதைத்தான் அவர் செய்தார். ஆடு கொடுக்கும்போது கொட்டில் பற்றியும் குழை பற்றியும் பூச்சி மருந்து பற்றியும் வகுப்பு நடத்திய நாம், ஈன்ற முதல் நாளைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லியிருக்கவில்லை. அடுத்த வீட்டுக்காரரோ அந்த மறிக்குட்டியை எதிர்பார்த்து வேலியோரம் கிளிசரியாத் தடி நட்டு வைத்திருந்தார். ஒரு குட்டி சாக, இரண்டு வீடுகள் ஒரு வருடம் பின்னுக்குப் போயின.

ஏன் குடிக்க மறுக்கிறது?

கோழிக்குஞ்சு முட்டையை உடைத்து வெளிவந்த பின்னர் இரண்டு நாள் வரை தீனில்லாமல் தாங்கும். வயிற்றுக்குள் மஞ்சட்கருவின் மிச்சம் இருப்பதே காரணம். பாம்புக்குட்டியை எடுத்துக்கொண்டால், அது முதற் சட்டை கழற்றும் வரை, அதாவது ஒரு கிழமை இரண்டு கிழமை கூட, ஒன்றும் தின்னாமல் இருப்பது வழக்கம். அது நோயல்ல. ஆட்டுக்குட்டிக்கு இப்படியான கட்டுச்சோறு எதுவும் கிடையாது. அது பிறக்கும்போது உடம்பில் சிறிதளவு கொழுப்பு மட்டுமே உண்டு. அந்தக் கொழுப்பை எரித்துத்தான் முதல் சில மணித்தியாலங்கள் உடம்பைச் சூடாக வைத்திருக்கிறது. நனைந்த உடம்பில் குளிர்காற்று பட்டால் கொழுப்பு விரைவில் தீர்ந்துவிடும். பிறகு உடம்பு குளிரும். குளிர்ந்த குட்டிக்குச் சூப்பும் உணர்வு போய்விடும். சூப்பாவிட்டால் பாலில்லை, பாலில்லாவிட்டால் மேலும் குளிரும். குட்டி பிடிவாதத்தால் மறுப்பதாக நாம் நினைக்கிறோம். உண்மையில் அதனால் முடியாமல் இருக்கிறது.

எமது நாட்டில் குளிர் எங்கே என்று சிலர் கேட்கக்கூடும். 2022 டிசெம்பரில், மண்டோஸ் புயல் வங்காள விரிகுடாவில் இருந்த நாட்களில், மழையோடு வீசிய குளிர்காற்றில் வடக்கிலும் கிழக்கிலும் நூற்றுக்கணக்கான மாடுகளும் ஆடுகளும் மடிந்ததை வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். வளர்ந்த மாடுகளே தாங்காத குளிரை, ஒன்றரைக் கிலோ நிறையில் நனைந்தபடி பிறக்கும் குட்டி எப்படித் தாங்கும்?

சுகமான குட்டியின் உடல் வெப்பநிலை ஏறக்குறைய 38.5 முதல் 40 பாகை செல்சியஸ் வரை இருக்கும். மனிதருக்குக் காய்ச்சல் பார்க்கும் வெப்பமானியே போதும். அதன் நுனியில் சிறிது தேங்காயெண்ணெய் பூசி, மலவாசலினுள் ஒரு அங்குலத்துக்கும் குறைவாகச் செலுத்திப் பாருங்கள். 37 பாகைக்குக் கீழே காட்டினால் குட்டி ஆபத்தில் இருக்கிறது. அந்த வெப்பமானியில் ஒரு நூலைக் கட்டி ஆட்டுக்கென்றே புறம்பாக வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுப் பிள்ளைகளுக்குப் பாவிக்க வேண்டாம். வெப்பமானி இல்லாத வீட்டில் விரலே வெப்பமானி. குட்டியின் வாய்க்குள் விரலை வைத்தால் இளஞ்சூடு தெரிய வேண்டும், விரலைச் சூப்பவும் வேண்டும். வாய் குளிர்ந்து, விரலையும் சூப்பாத குட்டிக்கு ஒரு துளி பாலும் ஊற்றக்கூடாது. ஊற்றிய பால் சுவாசப்பைக்குள் போகும். மேலே சொன்ன குட்டி சாகக் காரணம் குளிர் பாதி, பால் பாதி என்றே நாம் எண்ணுகிறோம்.

முதலில் சூடு

குட்டியைப் பழந்துணியாலோ சாக்காலோ அழுத்தித் துடையுங்கள். காதும் காலிடுக்கும் ஈரமில்லாமல் உலர வேண்டும். பின்னர் காட்போட் பெட்டி ஒன்றில் வைக்கோலோ உலர்ந்த சருகோ போட்டு, அதில் வையுங்கள். சுடுநீர் நிரப்பிய இரண்டு போத்தல்களைத் துணியால் சுற்றி இரு பக்கமும் அணைத்து வைக்கலாம். வெறும் போத்தல் தோலைச் சுட்டுவிடும். நீர் ஆற ஆற மாற்ற வேண்டும். எமது பெண்கள் சிலர் குட்டியைத் தமது சட்டைக்குள் அணைத்து வைத்துக் காப்பாற்றியதையும் கண்டிருக்கிறோம். அதைவிட நல்ல பெட்டி வேறில்லை.

மிகவும் குளிர்ந்த குட்டியை வாளியில் இளஞ்சூட்டு நீருக்குள் இறக்குவது விரைவான வழி. முழங்கையை வைத்தால் சுகமாகத் தெரியும் சூடு, ஏறக்குறைய 40 பாகை, போதும். தலையை வெளியே பிடித்தபடி கால் மணித்தியாலம் வரை வைத்திருந்து, பின்பு நன்றாக உலர்த்த வேண்டும். குட்டியைக் கழுத்து வரை பொலித்தீன் பையொன்றுக்குள் இட்டு இறக்கினால் உடம்பின் மணம் கழுவுப்படாது. மணம் போனால் தாய் குட்டியைச் சேர்க்காது என்பதை நினைவில் வைத்திருங்கள். சவர்க்காரம் போடவே வேண்டாம்.

அடுப்படியில் புகைக்குள் வைப்பது கூடாது. புகை பிஞ்சுச் சுவாசப்பைக்குக் கெடுதி. தறப்பாள் கொட்டிலுக்குள் வைக்கோலுக்குப் பக்கத்தில் குப்பி விளக்கு கொளுத்தி வைப்பதோ குட்டியோடு வீட்டையும் இழக்கச் செய்யும்.

இங்கே ஒரு விடயத்தை அவதானமாக வாசியுங்கள். பிறந்து ஐந்து மணித்தியாலத்துக்கு மேலாகியும் பால் குடிக்காத, தலையைத் தூக்க முடியாத குட்டியை உடனே சூடாக்கினால் வலிப்பு வந்து இறந்துபோகக் கூடும். அதன் இரத்தத்தில் வெல்லம் தீர்ந்திருக்கும். உடம்பு சூடேற மூளை அந்த வெல்லத்தைத் தேடும், கிடைக்காது. இப்படியான குட்டிக்கு மிருக வைத்தியர் முதலில் வயிற்றினுள் குளுக்கோஸ் ஊசி ஏற்றி, பின்னரே சூடாக்கச் சொல்வார். உங்கள் பிரிவின் அரச மிருக வைத்திய அலுவலகத்தின் தொலைபேசி இலக்கத்தை ஆடு ஈனுவதற்கு முன்னரே எழுதி வைத்திருங்கள். வைத்தியர் எட்டாத இரவில், கடையில் விற்கும் குளுக்கோஸ் மாவைச் சில துளி இளஞ்சூட்டு நீரில் குழைத்து, விரலால் முரசிலும் நாக்கின் கீழும் கொஞ்சம் கொஞ்சமாகத் தடவுங்கள். ஊற்ற வேண்டாம், தடவுங்கள்.

குளுக்கோஸ் இல்லாவிட்டால் சீனி போதாதா என்று வகுப்புகளில் கேட்கிறார்கள். போதாது. சீனியைச் சமிபாடடையச் செய்யும் பொருள் ஆட்டுக்குட்டியின் குடலில் இல்லை. சீனிப்பாணி கொடுத்த குட்டிக்கு வயிற்றோட்டமே மிச்சம். தகரத்தில் வரும் இனிப்புக் கட்டிப்பாலைக் கரைத்துக் கொடுப்பதும் இதே காரணத்தால் தவறு. நிவாரணத்தில் கிடைத்த கட்டிப்பாலைக் குட்டிக்குப் பங்கிட்டவர்களின் மனம் நல்லதே. அந்தப் பாலைப் பிள்ளைகளின் தேநீருக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கடும்புப்பால்

குட்டி சூடேறி, தலை தூக்கி, விரலைச் சூப்பத் தொடங்கினால் இனிப் பால் கொடுக்கலாம். முதலில் கொடுக்க வேண்டியது தாயின் கடும்புப்பால். சிலர் இதை மஞ்சளாகவும் தடிப்பாகவும் இருக்கிறதென்று கறந்து நிலத்தில் ஊற்றிவிடுவார்கள். இது குட்டியின் முதல் தடுப்பூசியைக் கொட்டுவதற்குச் சமம். தாய் ஆட்டின் நோயெதிர்ப்புச் சக்தி கருப்பைக்குள் குட்டிக்குச் சேர்வதில்லை. கடும்புப்பால் வழியாகவே சேர்கிறது. அந்தச் சக்தியைக் குடல் அப்படியே உறிஞ்சுவதும் முதல் நாள் மட்டுமே. முதல் ஆறு மணித்தியாலத்தில் உறிஞ்சுவதைப் போல அதன் பின்னர் உறிஞ்சாது. ஒரு நாள் கடந்தால் கதவு மூடிவிடும். ஆகவே பிறந்து ஒரு மணி, கூடினால் இரண்டு மணித்தியாலத்துக்குள் முதல் வாய் உள்ளே போக வேண்டும்.

அளவு, ஒரு தடவைக்குக் கிலோவுக்கு 50 மில்லிலீற்றர். இரண்டு கிலோக் குட்டிக்கு 100 மில்லிலீற்றர்; முதல் நாள் முழுவதும் நாலு தடவையாக 400 மில்லிலீற்றர். அளவுப் பாத்திரம் இல்லாவிட்டால் பிள்ளைகளின் பாணி மருந்துப் போத்தலைப் பாருங்கள், கொள்ளளவு எழுதியிருக்கும். நிறை பார்க்க, மீன் நிறுக்கும் கொளுக்கித் தராசில் குட்டியைப் பையோடு தொங்கவிடலாம்.

தாயிடம் கடும்புப்பால் இல்லாவிட்டால் அதே நாளில் ஈன்ற வேறு ஆட்டினதைக் கேளுங்கள். அதுவும் இல்லாவிட்டால் புதிதாகக் கன்று போட்ட பசுவினது உதவும். ஊரில் குளிர்ப்பெட்டி உள்ள கடைக்காரரோடு பேசி, மிஞ்சும் கடும்புப்பாலைச் சிறு போத்தல்களில் உறைய வைத்துக்கொள்ளும் குழுக்கள் உண்டு. உறைந்ததை இளஞ்சூட்டு நீரில் போத்தலோடு வைத்து இளக்குங்கள். அடுப்பில் காய்ச்சினால் திரைந்து கட்டியாகும், நோயெதிர்ப்புச் சக்தியும் அழிந்துபோகும்.

போத்தலில் கொடுப்பதற்கு முன் தாயின் மடியைப் பார்க்க மறக்க வேண்டாம். முலைக்காம்பின் நுனியில் மெழுகு போன்ற அடைப்பு இருக்கும். இரண்டு மூன்று பீச்சு பீச்சினால் திறந்துவிடும். குட்டி சூப்பிச் சூப்பிக் களைத்து விட்டுவிடுவதற்கு இந்தச் சிறு அடைப்பே பல தடவை காரணமாயிருக்கிறது. காம்பு தடித்து வாய்க்குள் அடங்காவிட்டால் சிறிது கறந்து தளர்த்துங்கள். மடி கல்லுப்போல இறுகிச் சுட்டால் அது வேறு நோய், வைத்தியரிடம் காட்டுங்கள். முதல் ஈற்று ஆடு உதைத்துத் தள்ளினால் கழுத்தில் கட்டி, ஒருவர் பிடித்திருக்க, குட்டியை ஊட்டவிடலாம். ஈன்றபோது வந்த நீரைக் குட்டியின் முதுகில் தடவினால் பெரும்பாலும் தாய் நக்கத் தொடங்கிவிடும்.

போத்தலுக்குப் பழக்குதல்

குட்டியின் தொண்டையிலிருந்து நாலாம் வயிற்றுக்கு ஒரு வாய்க்கால் போகிறது. சூப்பும்போது அந்த வாய்க்காலின் இரு வரம்பும் சேர்ந்து மூடிக்கொள்ள, பால் நேராகச் சமிபாடடையும் இடத்துக்குப் போய்ச் சேரும். சூப்பாமல் ஊற்றினால் வரம்பு மூடாது. பால் பெரிய வயிற்றுக்குள் பாய்ந்து பழுதாகும். கரண்டியால் ஊற்றுவதை நாம் விரும்பாததற்கு இதுவும் ஒரு காரணம்.

குட்டியை நிற்க வைத்து, அல்லது நெஞ்சு நிலத்தில் ஊன்றப் படுக்க வைத்து, உங்கள் முழங்கால்களுக்கிடையில் முகம் வெளியே பார்க்கப் பிடியுங்கள். மல்லாக்காகக் கிடத்தக்கூடாது. தலை தாயிடம் ஊட்டும்போது இருப்பதுபோல் சற்றே மேல்நோக்கி இருந்தால் போதும். மூக்கு கண்ணுக்கு மேலே உயரக்கூடாது. குழந்தைகளின் சூப்பிப் போத்தலே ஊராட்டுக் குட்டிக்கு ஏற்றது. போத்தலைக் கவிழ்த்தால் சூப்பியிலிருந்து பால் சொட்ட வேண்டும், ஓடக்கூடாது. பாலின் சூடு மணிக்கட்டில் விட்டுப் பார்த்தால் இளஞ்சூடாக இருக்கட்டும். ஆறிய பாலைப் பல குட்டிகள் துப்பிவிடும்.

இனி ஒரு சிறு தந்திரம். குட்டி தாயின் மடியைத் தேடும்போது இருட்டான, சூடான மூலையையே தேடுகிறது. எனவே ஒரு கையால் அதன் கண்ணையும் நெற்றியையும் மூடிப் பிடியுங்கள். மற்றவர் வாலடியில் விரலால் சொறிந்துவிடட்டும். தாய் குட்டியை ஊட்டும்போது அங்கேதான் நக்குவாள். இந்த இரண்டையும் சேர்த்துச் செய்தவுடன் வாலை ஆட்டிக்கொண்டு சூப்பத் தொடங்கும் குட்டிகளைக் கண்டு சிறுவர்கள் கைதட்டிச் சிரித்திருக்கிறார்கள்.

தாயை இழந்த இரண்டு கிழமைக் குட்டியின் சங்கதி வேறு. அது சூடாகத்தான் இருக்கும், துள்ளவும் செய்யும், ஆனால் இறப்பர்ச் சூப்பியை வாயில் வைக்கவிடாது. அதற்குத் தாயின் முலை தெரியும், ஏமாற்ற முடியாது. இப்படியான குட்டியோடு மல்லுக்கட்ட வேண்டாம். நாலைந்து மணித்தியாலம் பசிக்கவிட்டு, பொழுதுபடும் மங்கலில், ஒரே ஆளே முயன்று பாருங்கள். ஆட்டுப்பால் சிறிது சூப்பியில் தடவுங்கள். பத்து நிமிடத்தில் குடிக்காவிட்டால் நிறுத்தி, அடுத்த வேளைக்கு வையுங்கள். இரண்டு மூன்று நாளில் பெரும்பாலானவை இணங்கும். போத்தலை ஏற்காத சில, தட்டையான கோப்பையில் பால் விட்டு அதில் உங்கள் விரலை வைத்தால், விரலைச் சூப்பிச் சூப்பிக் குடிக்கப் பழகிவிடும். இப்படிப் பசிக்கவிடுவது சூடான, துடிப்பான, வளர்ந்த குட்டிக்கு மட்டுமே. புதிதாகப் பிறந்த குட்டியை ஒரு வேளையும் பசிக்கவிடக்கூடாது.

எந்தப் பால்? ஆட்டுப்பால் முதலாவது, காய்ச்சி ஆறவைத்த பசுப்பால் இரண்டாவது. இரண்டும் இல்லாவிட்டால் சீனி சேராத முழு ஆடைப் பால்மாவை லீற்றருக்கு 125 கிராம் வீதம் கரைக்கலாம். அரிசிக் கஞ்சியும் மாக்கரைசலும் இந்த வயதில் சமிபாடடையாது. முதற் கிழமை நாலைந்து தடவை, பிறகு மூன்று தடவையாகக் குறையுங்கள். ஒரு நாளைய மொத்தம் குட்டியின் நிறையில் ஐந்திலொரு பங்கைத் தாண்டக்கூடாது. பாவம் என்று கூடக் கொடுப்பதும் கொல்லும். இரண்டு கிழமையில் குழை கடிக்கத் தொடங்கும். ஆனாலும் இரண்டு மாதமாவது பாலை மறக்கச் செய்ய வேண்டாம்.

நேற்று வரை குடித்த குட்டி இன்று மறுத்தால் சூப்பியில் பிழை தேடாமல் குட்டியில் தேடுங்கள். தொப்புள் வீங்கியிருக்கிறதா, முழங்கால் மூட்டுச் சுடுகிறதா, பின்பக்கம் அழுக்காக இருக்கிறதா, மூச்சு இரைக்கிறதா, உதட்டில் பொருக்கு இருக்கிறதா என்று பாருங்கள். உதட்டுப் பொருக்கு நோய் தொட்டவரின் கைக்கும் வரும், கையைக் கழுவுங்கள். குடித்த பால் மூக்கால் வந்தால் வாயைத் திறந்து மேலண்ணத்தைப் பாருங்கள். பிறவியிலேயே பிளந்திருப்பதும் உண்டு. அந்தக் குட்டியில் நாம் செய்யக்கூடியது ஒன்றுமில்லை. தொப்புள் நோய்க்கு மருந்தைவிடத் தடுப்பே இலகு: பிறந்தவுடன் தொப்புள்கொடியை அயடீனில் தோய்த்துவிடுங்கள்.

முதலில் சொன்ன அக்காவின் ஆடு மறுவருடமும் மழைக்காலத்திலேயே ஈன்றது. நாம் போனபோது கொட்டில் வளையில் ஒரு சீலைப்பை தொங்கியது. அதற்குள் பழைய துவாய், நூல் கட்டிய வெப்பமானி, சூப்பிப் போத்தல், ஒரு பைக்கற் குளுக்கோஸ், அயடீன். இரண்டு குட்டிகளில் ஒன்று முன்போலவே எழும்பாமல் கிடந்திருக்கிறது. இரவு இரண்டு மணிக்குச் சட்டைக்குள் வைத்துச் சூடாக்கி, மூன்றரைக்குக் கண்ணை மூடிப் பிடித்துக் கடும்புப்பால் கொடுத்ததாகச் சொன்னார். "மூண்டாந்தரம்தான் தம்பி பிடிச்சது. பிடிச்சாப்பிறகு விடேல்லை." நாம் நின்ற நேரமெல்லாம் அது தாயின் மடியை முட்டிக்கொண்டே நின்றது.

ஆனால் இரண்டும் கிடாய்க்குட்டிகள். அடுத்த வீட்டுக்காரரின் கிளிசரியா இப்போது ஆள் உயரத்துக்கு மேல் தழைத்துவிட்டது. அவர் அதை வெட்டி அக்காவின் ஆட்டுக்குப் போடுகிறார். கிடாய்களை வளர்த்து விற்று, அந்தக் காசில் ஒரு மறிக்குட்டி வாங்கி அவரிடம் கொடுக்கலாமா, அல்லது அடுத்த ஈற்று வரை அவர் காத்திருக்க வேண்டுமா என்று அந்த ஊர்க் குழுவில் பேச்சு நடக்கிறது. உங்கள் குழுவின் விதி இதற்கு என்ன சொல்கிறது என்று அடுத்த கூட்டத்தில் பேசிப் பார்த்து எமக்கு எழுதுங்கள்.